பீமன் இல்லாத அவை: இந்திய மேடையில் மூன்று திரௌபதிகள்

இந்தியப் பெண்ணிய அரங்கின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1979ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். அதற்குத் தக்க காரணம் உண்டு. வரதட்சணைக் கொலைகளை எதிர்த்து ‘ஸ்திரீ சங்கர்ஷ்’ குழுவினர் தில்லித் தெருக்களில் நிகழ்த்திய ‘ஓம் ஸ்வாஹா’, ஜன நாட்டிய மஞ்சின் ‘ஔரத்’ ஆகிய வீதி நாடகங்கள் அக்காலத்தில் உருவாயின. மதுரா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை எதிர்த்துச் சட்ட அறிஞர் நால்வர் எழுதிய திறந்த மடலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. அரங்கியலாளர் அ. மங்கை, இந்திய அரங்கையும் பால்நிலையையும் குறித்து ஆங்கிலத்தில் எழுதி 2015இல் வெளியிட்ட நூலுக்கு 1979ஐயே தொடக்க எல்லையாகக் கொண்டார்.

இயக்கத்தின் வரலாற்றுக்கு இவ்வெல்லை பொருந்தும். நிகழ்த்துகலையின் வரலாற்றுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது தனி வினா. மேடையில் ஒரு பெண் எதைப் பேசினாள் என்று கேட்டால் 1979 என்ற விடை கிடைக்கும். மேடையில் நிற்கும் உரிமையை அவள் எப்போது, என்ன விலை கொடுத்துப் பெற்றாள் என்று கேட்டால் விடை தலைநகரில் கிடைப்பதில்லை. சத்தீசுகரின் சிற்றூர் ஒன்றுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

இவ்விரண்டாம் வினாவை ஒரே பாத்திரத்தைக் கொண்டு தொடர்வது இக்கட்டுரையின் நோக்கம். அப்பாத்திரம் திரௌபதி. தீஜன் பாய், ஷாவ்லி மித்ரா, ஹெய்ஸ்னாம் சாபித்ரி ஆகிய மூவரும் வெவ்வேறு மொழியினர், வெவ்வேறு சமூகத்தினர், ஒருவர் மரபில் மற்றவர் பயின்றவர் அல்லர். எனினும் மூவரும் ஒரே அவையில், துகில் பற்றி இழுக்கப்படும் அக்கணத்தில், நின்றிருக்கின்றனர். அவ்விடத்தில் அவளைக் காப்பவர் யார் என்பதற்கு மூவரும் தரும் விடைகள் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டிலேயே இந்திய மேடையில் பெண் நிலையின் வரலாறு அடங்கியிருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கூத்துக்களத்துத் திரௌபதி

தமிழ் ஆய்வாளர்க்கு இக்காட்சி புதிதன்று. வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் விழாக்களில் பகலில் வில்லிபாரதத்தை அடியொற்றிய பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழ்கின்றன. பல இரவுகள் தொடரும் அக்கூத்துகளுள் துகிலுரிதல் நிகழும் இரவுக்குத் தனி மதிப்புண்டு. துச்சாதனன் வேடம் புனைந்தவர் சேலையைத் தொடும்முன் அம்மனை வணங்கிப் பிழைபொறுக்க வேண்டுவதும், வேடத்தினர்மீது அருள் வந்திறங்குவதும், பார்வையாளர் கைகூப்புவதும் உண்டு. விழாவின் இறுதியில் படுகளத்தில் மண்ணால் அமைந்த துரியோதனன் பேருருவத்தின் தொடை பிளக்கப்பட, அக்குருதி கொண்டு அவிழ்ந்த கூந்தல் முடிக்கப்படுகிறது. அதன்பின் தீமிதி.

இவ்வளவு ஆற்றல் வாய்ந்த பெண் தெய்வத்தின் களத்தில், மரபுப்படி, அவள் வேடத்தைப் புனைபவர் ஆணே. இதனைக் குறையென்று சொல்லிக் கடந்துவிட முடியாது. சபதம் உரைக்கும் அக்குரல் ஊரையே நடுங்கச் செய்வது. அக்குரலைப் பெண்வேடக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்துக் காத்திருக்கின்றனர். ஆயினும் காப்பின் அமைப்பு தெளிவாக இருக்கிறது. கண்ணன் துகிலை வளர்க்கிறான். வீமன் வஞ்சினம் கூறி அதை முடிக்கிறான். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகள் அவள் விரித்த கூந்தலோடு காத்திருக்கிறாள்.

பாரதியின் ‘பாஞ்சாலி சபதம்’ இவ்விடத்தில் ஒரு திருப்பம். 1912இல் முதற்பாகமும், கவிஞர் மறைந்தபின் 1924இல் இரண்டாம் பாகமும் வெளிவந்த அக்காவியம் போர்வரை செல்லவில்லை, சபதத்தோடு நின்றுவிடுகிறது. நிறைவேற்றத்தைக் காட்டாமல் சூளுரையையே முடிவாக்கியமை விடுதலைப் போராட்டக் காலத்துக்கு உகந்த அரசியல் முடிவு. ஆனால் அவள் தேசத்தின் உருவகமாக வாசிக்கப்பட்டபோது, உருவகத்துக்குள்ளிருந்த பெண்ணின் உடல் பின்னுக்குச் சென்றது என்பதையும் உடன் கருத வேண்டும். பள்ளி மேடைகளிலும் நாட்டிய நாடகங்களிலும் பாஞ்சாலி பலமுறை சபதம் செய்திருக்கிறாள். அவள் எழுப்பிய சட்ட வினா, அதாவது தன்னை முன்னரே இழந்துவிட்டவனுக்கு மனைவியைப் பணயம் வைக்கும் உரிமை உண்டோ என்ற வினா, அம்மேடைகளில் அதே அழுத்தம் பெற்றதாகத் தெரியவில்லை.

புணே பண்டார்க்கர் நிறுவனத்தின் மகாபாரதச் செம்பதிப்பில் 1944இல் வெளிவந்த சபா பருவத்தை ஃபிராங்ளின் எட்ஜெர்ட்டன் பதிப்பித்தார். அதில் திரௌபதி கண்ணனை அழைக்கும் பகுதி இடைச்செருகலென்று விலக்கப்பட்டுள்ளது. ஆடை வளர்கிறது; வளர்ப்பவன் பெயர் இல்லை. பக்தி மரபு நிரப்பிக்கொண்ட அவ்வெற்றிடம் பின்வந்த பெண் நிகழ்த்துநர்க்கு வேறு வகையில் பயன்பட்டது. அவர்கள் செம்பதிப்பைப் படித்து ஆடினர் என்று சொல்ல வரவில்லை. காப்பவன் யார் என்பது பனுவலுக்குள்ளேயே உறுதிப்படாத ஒன்று என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

தம்பூராவே கதை, தம்பூராவே கூந்தல்

பண்டவானி என்பது சத்தீசுகர்ப் பகுதியில் வழங்கும் பாரதக் கதைப்பாடல் மரபு. அதன் தலைவன் அருச்சுனன் அல்லன். பெருந்தீனியும் பெருஞ்சினமும் கொண்ட வீமன். இம்மரபில் இரு நெறிகள் உண்டு. வேதமதி நெறியில் பாடுநர் மண்டியிட்டு அமர்ந்து பாடுவர். ஜாடூராம் தேவாங்கன் அந்நெறியின் பேராசான். காபாலிக நெறியில் நின்றும் நடந்தும் நடித்தும் கதையை நிகழ்த்துவர். தலைக்குள் இருப்பதை, அதாவது நினைவில் உள்ளதைப் பாடுவதால் அப்பெயர் பெற்றது என்பர். பெண்கள் பண்டவானி பாடியதே இல்லை எனக் கருதுவது பிழை. பாடினர், அமர்ந்து பாடினர். நிற்பது ஆண்களின் நெறி.

துர்க் மாவட்டம் கனியாரியில் பார்தி சமூகத்தில் 1956இல் பிறந்த தீஜன் பாய், தாய்வழிப் பாட்டனார் பிரிஜ்லால் பாடக் கேட்டே கதையைக் கற்றவர். பிரிஜ்லால் பாடியது சபல்சிங் சௌஹானின் பாரதம். பள்ளிக்குச் செல்லாத சிறுமி அதைக் காதால் நெஞ்சில் ஏற்றினார். பன்னிரண்டு வயதில் மணமாயிற்று. பதின்மூன்றாம் வயதில் சந்திரகுரி என்ற ஊரில் முதன்முறையாக மேடையேறினார். பெற்ற ஊதியம் 10 ரூபாய் என்பது அவரே பல நேர்காணல்களில் கூறிய செய்தி. காலக் கணக்குப்படி இது ஏறத்தாழ 1969. அவர் அமரவில்லை, நின்றார். பாடியதற்காகச் சமூகம் அவரை விலக்கி வைத்தது. தனியே குடிசை கட்டிக்கொண்டு, அக்கம்பக்கத்தாரிடம் பாத்திரமும் உணவும் கடன்பெற்று வாழ்ந்தார். பாட்டை மட்டும் விடவில்லை. பின்னர் அவரை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் நாடகக்காரர் ஹபீப் தன்வீர். 1988இல் ஒளிபரப்பான சியாம் பெனகலின் ‘பாரத் ஏக் கோஜ்’ தொலைக்காட்சித் தொடர் வழியே நாடு முழுவதும் அவர் குரலைக் கேட்டது. 2019இல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

அவர் விரும்பி நிகழ்த்திய பகுதிகளுள் ஒன்று ‘துச்சாதன வதம்’. இதன் அமைப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். பக்கத்தில் ஆர்மோனியம், தபலா, டோலக் முதலியன. அருகமர்ந்து ‘உம்’ கொட்டியும் வினவியும் கதையை நகர்த்தும் ராகி எனப்படும் துணைப்பாடகர். நடுவில் ஒரே ஒரு பெண். அவர் கையில் மயிற்பீலி கட்டிய தம்பூரா. அதைத் தவிர மேடையில் பொருள் ஏதும் இல்லை. சூதாட்ட அவையில் துச்சாதனன் பற்றி இழுக்கும்போது அத்தம்பூராவே திரௌபதியின் கூந்தல். போர்க்களம் வந்ததும் அதுவே வீமனின் கதாயுதம். இழுக்கப்பட்டவளும் இழுத்தவனும், பழி தீர்த்தவனும் ஒரே உடல். இழுக்கப்பட்ட கூந்தலும் அடித்து வீழ்த்தும் ஆயுதமும் ஒரே கருவி.

பழி தீர்க்க வேறொருவன் வரும்வரை காத்திருக்கும் திரௌபதியை இந்நிகழ்த்துமுறை தன் அமைப்பிலேயே இல்லாமலாக்கிவிடுகிறது. கதை மாறவில்லை. வீமனே கொல்கிறான். ஆனால் அவ்வீமனாக நின்று தொடை தட்டி உறுமுகிறவர், சற்றுமுன் கூந்தல் பற்றி இழுக்கப்பட்டவர். சிவந்த சேலையும் கனத்த வெள்ளி அணிகளும் களையப்படவில்லை. பெண்ணுடை அணிந்த உடல் ஆண் வேடத்துக்காகத் தன்னை மறைத்துக்கொள்ளவில்லை. கூத்தில் ஆண் பெண்ணாவதற்கு ஒப்பனையறையில் நெடுநேரம் வேண்டும். தீஜன் பாய் வீமனாவதற்கு ஒரு திரும்பல் போதும்.

தம்மைப் பெண்ணியவாதி என்று அவர் அழைத்துக்கொண்டதில்லை. பாரதத்தை அவர் பக்தியோடு பாடியவர். கண்ணனின் துணையை மறுத்தவரும் அல்லர். இயக்க வரலாறுகள் அவரை ‘நாட்டுப்புறக் கலைஞர்’ என்ற அறைக்குள் வைத்துவிட்டு வீதி நாடகத்திலிருந்து தொடங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சொல் இருந்தால்தான் செயல் என்று கொள்ளும் இவ்வழக்கம் நமக்கும் உண்டு. ஓர் ஊர் தன் பெண்ணைச் சாதியிலிருந்து நீக்குமளவுக்கு ஒரு செயலை அஞ்சியது என்றால், அச்செயலின் பொருளை அவ்வூர் நம்மைவிட நன்றாகவே உணர்ந்திருக்கிறது.

தலைவர் உடையாளாயினும் இல்லாதாள் போல

ஷாவ்லி மித்ராவின் பின்னணி முற்றிலும் வேறு. சம்பு மித்ரா, திருப்தி மித்ரா இணையரின் மகள்; கொல்கத்தாவின் நவீன நாடகத்துள்ளேயே பிறந்து வளர்ந்தவர். 1983இல் ‘பஞ்சம் வைதிக்’ குழுவின் வழியே அவர் எழுதி, நெறிப்படுத்தி, தாமே நடித்த ‘நாதவதி அநாதவத்’ மேடையேறியது. தலைப்பு வியாசரின் தொடர். துச்சாதனன் திரௌபதியை அவைக்கு இழுத்துவரும் இடத்தில், நாதர்களை உடையவளாயிருந்தும் நாதனற்றவளைப்போல் அவள் இழுக்கப்பட்டாள் என்று சபா பருவம் கூறுகிறது. இவ்விரு சொற்களுக்குள் ஐவரையும் நிறுத்திவைத்த மூலநூலாரின் கூர்மை வியக்கத்தக்கது. அக்கூர்மையை நாடகத்தின் பெயராக்கியதே ஓர் உரை எழுதியதற்கு ஒப்பாகும்.

இந்நாடகத்தின் தூண்டுதல் மானிடவியலாளர் இராவதி கார்வே மராத்தியில் எழுதிய ‘யுகாந்த’. 1968இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்நூலில் கார்வே பாரத மாந்தரைத் தெய்வநிலையினின்று இறக்கி, உறவுமுறை, வாரிசுரிமை, சினம், களைப்பு ஆகியவற்றுக்குட்பட்ட மனிதராக ஆராய்கிறார். திரௌபதி கட்டுரையின் இறுதியில், இமயச் சாரலில் வீழ்ந்துகிடக்கும் அவளருகில் வீமன் வருகிறான். அடுத்த பிறவியிலாயினும் மூத்தவனாகப் பிறக்குமாறு அவள் அவனிடம் வேண்டுகிறாள். மூலத்தில் இல்லாத இவ்விடம் தம் கற்பனை என்பதைக் கார்வே மறைக்கவில்லை. காதலித்த அருச்சுனனை அன்று, உடனிருந்து காத்த வீமனை அவள் இறுதியில் அறிந்துகொள்கிறாள் என்பதே அக்கற்பனையின் சாரம்.

ஷாவ்லி மித்ரா இதை மேடைக்குக் கொண்டுவரத் தேர்ந்த வடிவம் வங்காளத்துக் கதகதா, அதாவது கதகர் ஒருவர் அவைமுன் புராணத்தை விரித்துரைக்கும் மரபு. நம் கதாகாலட்சேபத்தோடு இதனை ஒப்பிடலாம். கதகர் பெரும்பாலும் ஆண். புராணப் பெண்ணின் நெறியை அவைக்கு எடுத்துரைப்பவர். அவ்விருக்கையை ஒரு பெண் எடுத்துக்கொள்கிறாள். எளிய கிராமத்துக் கதைசொல்லியின் பேச்சில் தொடங்கி, பகடி செய்து, பாடி, ஐவரின் குரலிலும் கௌரவர் குரலிலும் பேசி, இடையிடையே திரௌபதியாகி மீள்கிறாள். அவள் திரௌபதியாகும்போது கதைசொல்லி முற்றிலும் மறைவதில்லை என்பதே இந்நிகழ்த்துதலின் நுட்பம். அவலம் முற்றும் தருணத்தில் அவள் மீண்டும் கதைசொல்லியாகி, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நம்மைப் பார்க்கிறாள். அவையில் தலைகவிழ்ந்திருந்த முதியோர் வரிசையில் பார்வையாளரும் ஓரிருக்கை பெறுகின்றனர்.

தீஜன் பாய் வீமனாகவே ஆகிறார். ஷாவ்லி மித்ராவின் திரௌபதிக்கு வீமன் வெளியே நிற்பவன், நன்றிக்குரியவன், ஆனால் போதாதவன். கார்வேயின் வழிவந்த வேண்டுதலில் கனிவு உண்டு. அது தலைமகன் முறைமையை ஏற்றுக்கொண்ட வேண்டுதல் என்பதும் உண்மை. மூத்தவனின் சொல்லுக்குத் தம்பியர் கட்டுப்படும் அமைப்பு அடுத்த பிறவியிலும் மாறப்போவதில்லை. அங்கே நல்லவன் ஒருவன் மூத்தவனாக இருந்தால் போதும் என்கிறது அது. நகர்ப்புற நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் நிலையை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன நாடகங்கள் குறைவு. வங்காளத்தில் இந்நாடகம் பல்லாண்டுகள் நிலைத்ததற்கு நடிப்பின் வலிமையோடு இத்துல்லியமும் காரணம் எனலாம். ஷாவ்லி மித்ரா 2022 ஜனவரியில் காலமானார்.

இக்காலத்தில் வேறொரு திரௌபதியும் உலகைச் சுற்றினாள். பீட்டர் புரூக் 1985இல் அவிஞோன் விழாவில் அரங்கேற்றிய பாரதத்தில் அப்பாத்திரத்தை ஏற்றவர் மல்லிகா சாராபாய். பன்னாட்டு நடிகர் குழுவில் அவர் இந்தியர். அப்பயணத்தின்பின் 1989இல் ‘சக்தி: பெண்களின் ஆற்றல்’ என்ற தனிநடிப்பை உருவாக்கினார். பிறர் நெறியாள்கையில் திரௌபதியாகப் பல ஆண்டுகள் நின்ற ஒருவர் தனித்துப் பேசும் மேடைக்கு நகர்ந்தது தற்செயல் ஆகாது. அது விரிவான தனிக்கட்டுரைக்குரிய பொருள்.

துகில் வேண்டாத் திரௌபதி

மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ சிறுகதை 1978இல் ‘அக்னிகர்ப’ தொகுப்பில் இடம்பெற்றது. காயத்ரி சக்ரவர்த்தி ஸ்பிவாக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1981இல் வெளிவந்தபின் உலகப் பல்கலைக்கழகங்களில் பரவியது. கதைத்தலைவி டோப்தி மேஜேன், இருபத்தேழு வயதுச் சந்தால் பெண். நக்சல்பாரி எழுச்சியின் பின்னணியில் தேடப்படுபவள். அவளுக்குத் திரௌபதி என்ற பெயரை வைத்தவள் நிலவுடைமையாளன் சூர்ஜா சாகுவின் மனைவி. பெயரே பிறர் இட்டது. அவள் நாவில் அது டோப்தி ஆயிற்று. பிடிபட்டு, இரவெல்லாம் படைவீரரால் சிதைக்கப்பட்ட அவள், காலையில் சேனாநாயக்கின்முன் ஆடை உடுத்த மறுத்து வந்து நிற்கிறாள். நாணுதற்குரிய ஆண்மகன் எவனும் அங்கில்லை என்பது அவள் கூற்றின் சாரம். கண்ணன் வரவில்லை. வஞ்சினம் கூற வீமன் இல்லை. கணவன் துல்னா முன்பே சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டான். துகிலை இழுப்பது அதிகாரத்தின் செயலாக இருந்த கதையில், துகிலை உடுத்தச் சொல்வதும் அதிகாரத்தின் செயலாகிவிடுகிறது.

இக்கதையை ஹெய்ஸ்னாம் கன்ஹைலால் 2000இல் இம்பாலில் மேடையேற்றினார். 1969இல் அவர் நிறுவிய ‘கலாக்ஷேத்ர மணிப்பூர்’, ‘பெபெட்’ (1975) முதலிய நாடகங்களால் அறியப்பட்ட குழு. சொல்லைக் குறைத்து, மூச்சு, ஒலி, உடல் ஆகியவற்றால் பேசுவது அதன் அரங்க மொழி. டோப்தியாக நின்றவர் ஹெய்ஸ்னாம் சாபித்ரி. அப்போது ஐம்பது வயதைக் கடந்தவர். பேரப்பிள்ளை காணும் பருவத்து உடல். இறுதிக் காட்சியில் அவர் மேடையில் ஆடையைக் களைந்தார். காண்போர் விரும்பிப் பார்க்கும் இளமையின் நிர்வாணம் அன்று அது. பார்ப்பவன் பின்வாங்க, நிற்பவள் முன்னேறுகிறாள். படைத்தலைவன் தன் முன்னே ஆயுதமற்ற ஒருத்தியைக் கண்டு அஞ்சும் அக்கணத்துக்காகவே முன்னிகழ்ந்த அசைவுகள் யாவும் அமைந்திருந்தன.

இம்பாலில் கடும் எதிர்ப்பு எழுந்தது. பண்பாட்டுக்கு இழுக்கு என்றனர். ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின்கீழ் அன்றாடம் நிகழ்ந்தவை பண்பாட்டுக்கு இழுக்காகாமல், அதை மேடையில் காட்டியது இழுக்கானது.

2004 ஜூலை 11இல் தாங்ஜம் மனோரமா கொல்லப்பட்டார். நான்கு நாள் கழித்து, ஜூலை 15இல், அசாம் ரைபிள்ஸ் படையினர் தங்கியிருந்த காங்லாக் கோட்டையின் வாயிலில் பன்னிரண்டு தாய்மார் ஆடை களைந்து நின்று, தங்கள்மேல் பாயுமாறு படையை அறைகூவினர். அவ்வாண்டு நவம்பரில் கோட்டை மாநில அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. நாடகம் நிகழ்வை முன்னுரைத்தது என்றும், நாடகமே நிகழ்வைத் தூண்டியது என்றும் எழுதியோர் உண்டு. முதற்கூற்றைக் கவிதைநயமாக ஏற்கலாம். இரண்டாவதை இக்கட்டுரையாளர் ஏற்கவில்லை. 1904இலும் 1939இலும் ‘நூபி லான்’ என்னும் பெண்கள் போரை நடத்திய மண் அது. இரவில் தீப்பந்தம் ஏந்திக் காவல் காத்த மெய்ரா பைபிகளின் மரபு அங்கே உண்டு. அத்தாய்மார்க்கு வழிகாட்ட ஒரு நாடகம் தேவைப்பட்டதென்று எழுதுவது, அரங்கின் பெருமையைக் கூட்டுவதற்காகப் பெண்களின் அரசியலைக் குறைப்பதாகும். நாடகமும் போராட்டமும் ஒரே வெம்மையில் கிளைத்தவை என்ற அளவில் நிறுத்துவதே முறை.

சாபித்ரியின் நிகழ்த்துதல் பற்றிப் பெண்ணியத் திறனாய்வாளர் எழுப்பும் ஐயம் ஒன்றுண்டு. நெறியாளர் ஆண், அவரே கணவர். அவர் வகுத்த காட்சியில் மனைவி ஆடை களைவது யாருடைய முடிவு? இந்த ஐயத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால் அக்குழுவின் நடிப்பு முறையே சாபித்ரியின் உடலிலிருந்தும் குரலிலிருந்தும் உருவானது என்பதை நாடகங்களைத் தொடர்ந்து கண்டோர் அறிவர். நெறியாளர் என்ற பெயரை அச்சிடும் வழக்கம் ஒருவரைப் படைப்பாளியாகவும் மற்றவரைக் கருவியாகவும் ஆக்கிவிடுகிறது. இவ்வழக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, அவர் கருவிதானோ என்று கேட்பது வட்டமாகச் சுற்றும் தருக்கம். இதனினும் வலிய ஐயம் வேறு: சந்தால் பெண்ணின் சிதைந்த உடலை வங்க எழுத்தாளரும் மெய்தெய் நடிகையும் ஏற்றுப் பேசும்போது, சந்தால் பெண்ணின் குரலுக்கு இடம் எங்கே? இதற்கு நாடகத்துக்குள் விடை இல்லை. மூவருள் தாம் பிறந்த விளிம்புநிலைச் சமூகத்தின் நாவிலிருந்தே பாரதத்தைப் பேசியவர் தீஜன் பாய் ஒருவரே என்பதை இவ்விடத்தில் நினைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே 1969, 1983, 2000 என்ற வரிசையை ஏறுமுகமான படிக்கட்டாகக் காண்பது பொருந்தாது.

பாடத்திட்டத்தில் ஓர் அவை

மகாசுவேதா தேவி 2016 ஜூலையில் மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அரியானா மத்தியப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு அஞ்சலியாக இக்கதை நாடகமாக நிகழ்த்தப்பட்டபோது, படைவீரரை இழிவுபடுத்தியதாகக் குற்றஞ்சாட்டிப் போராட்டம் நடந்தது, விசாரணை வந்தது. 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து இக்கதை நீக்கப்பட்டது. உடன் நீக்கப்பட்டோர் தமிழர்க்கு நன்கு அறிமுகமானவர்கள்: பாமா, சுகிர்தராணி. ஆங்கிலப் பேராசிரியர்களும் எழுத்தாளர் அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்தனர். தமிழ்நாட்டிற்கு வெளியே தமிழ் கற்பிக்கும் நம் துறைகளில் இதுபற்றி எழுந்த குரல் மெலிது. இரு தமிழ்ப் பெண் எழுத்தாளர்கள் வங்கத் திரௌபதியோடு ஒரே நாளில் வெளியேற்றப்பட்டதை ஆங்கிலத் துறையின் உள்விவகாரமாகக் கருதியமை பொருந்தாது என்பதைத் தாழ்மையுடன் பதிவு செய்ய விழைகிறேன்.

நிகழ்த்துகலையின் வரலாறு இவ்வகையில் பாடத்திட்டத்தின் வரலாறாகவும் ஆகிறது. சாபித்ரியின் நாடகத்தை நேரில் கண்டோர் சிலர்; கதையைப் படித்து, அம்மேடையைக் கேள்விவழி அறிந்து, வகுப்பறையில் விவாதித்த மாணவர் பலர். நிகழ்ந்த மறுகணமே மறைவது நாடகம். பனுவல் நீக்கப்பட்டால் நிகழ்வுக்குச் செல்லும் வழிகளுள் ஒன்று அடைபடுகிறது.

மீண்டும் கூத்துக்களம்

தமிழ்க் கூத்தில் நிகழ்ந்துள்ள மாற்றம் இவற்றைப்போல் பேசப்படவில்லை. பெ. இராஜகோபாலும் ஹன்னே டி பிரைனும் பங்கேற்று 1990இல் உருவான கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரத்தை அடுத்த ஊரில் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலத்தை நடத்தியது. (தெருக்கூத்து, கட்டைக்கூத்து என்ற பெயர்ச்சிக்கல் இங்குத் தேவையில்லை, ‘தெரு’ என்ற அடைமொழியைக் கலைஞர் பலர் விரும்பவில்லை என்பதை மட்டும் மனங்கொள்ளலாம்.) அங்கே சிறுவரோடு சிறுமியரும் பள்ளிப் படிப்போடு கூத்து பயின்றனர். பெண்கள் கூத்தாடலாகாது என்ற தடை நூல்களில் எழுதப்பட்டதன்று; இரவுப் பயணம், ஊர்ப்பேச்சு, மணவாழ்க்கை, ஆடுகளத்தில் குடித்துவிட்டு வருவோர் ஆகியவற்றால் ஆனது. பயிற்சி முடித்த பெண்ணுக்கு மணத்தின்பின் கூத்து நீடிக்குமா என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகப் பேசித் தீர்க்கவேண்டியதாயிற்று. சத்தீசுகரின் ஊர் 1969இல் தீஜன் பாயிடம் கேட்ட விலையின் வேறொரு வடிவமே இது.

அ. மங்கையின் நெறியாள்கையில் உருவான ‘பனித் தீ’ அம்பை, சிகண்டி கதையை எடுத்துக்கொண்டது. அம்பைக்கும் காப்பவன் இல்லை. அவள் தானே ஆணாகி வந்து கணக்குத் தீர்த்தவள். பாரதத்துக்குள்ளேயே இத்தகைய பெண்கள் உளர் என்பதை நவீனத் தமிழ் அரங்கு கண்டுகொண்டமைக்கு அது சான்று. ஆயினும் திரௌபதி அம்மன் கோயில் முற்றத்தில், விழாக்காலத்தில், ஊரார் காப்புக் கட்டியிருக்கும் இரவில், துகிலுரிதல் நிகழும்போது பெண்ணொருத்தி அவ்வேடம் புனைந்து நிற்பது வேறு. நகர அரங்கில் நிற்பது வேறு. முன்னது வழிபாடு, அங்கே தீட்டு, நோன்பு, உரிமை யாவும் குறுக்கிடும். குருகுலத்தில் பயின்ற பெண்கள் ஆண்வேடங்களிலும் ஆடியிருக்கின்றனர். அவர்களுள் ஒருத்தி அத்தகைய இரவொன்றில் துச்சாதனனாகச் சேலையின் முந்தானையைப் பற்றி, எதிரே திரௌபதி வேடத்தில் ஆண் கலைஞர் ஒருவர் நின்றால், அம்மனிடம் முதலில் பிழைபொறுக்க வேண்டுபவர் யார், அருள் யார்மேல் இறங்குவதாக ஊர் கொள்ளும் என்பன கள ஆய்வாலன்றி விடை காண இயலாதவை. வடஆர்க்காட்டு, செங்கற்பட்டுப் பகுதி விழாக்களில் வேடப் பங்கீடு பற்றிய விவரங்களைக் கலைஞர் வாய்மொழியாகவும், கோயில் நிருவாகத்தார் வைத்திருக்கும் கூத்து ஒப்பந்தங்கள் வழியாகவும் தொகுக்கும் பணி இனித் தொடங்கப்பட வேண்டும். மூத்த பெண்வேடக் கலைஞர்கள் பலர் முதுமையடைந்துவிட்டனர்.